மின்னெழுச்சித் தடுப்பானும் கணினி உருவகப்படுத்தலும்

உயர் மின்னழுத்தக் கம்பிகளில் மின்னல் தாக்கும்போதோ சுவிட்சுகளை இயக்கும்போதோ மின்னழுத்தம் திடீரென உயர்வது மின்னெழுச்சி எனப்படும். அதைத் தரைக்குத் திருப்பி மின்மாற்றியைக் காக்கும் கருவி மின்னெழுச்சித் தடுப்பான். மின்வாரியப் பணியாளர்கள் இதனை ‘எல்.ஏ.’ அல்லது ‘அரெஸ்டர்’ என்பர். காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயில் இராசகோபுரம் போன்ற உயர்ந்த கட்டடங்களுக்கு ஏற்ற இடிதாங்கி வேறு. அது மின்னலைத் தானே வாங்கி மண்ணுக்குக் கடத்துகிறது. தடுப்பான் கம்பிவழி வரும் அலையை எதிர்கொள்கிறது.

வரலாறு

தமிழகத்தில் பைகாரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியது. அங்கிருந்து 66 கிலோவோல்ட் கம்பிகள் கோயம்புத்தூருக்கு மின்சாரம் கொண்டுசென்றன. அக்காலத்தில் கம்பிகளில் ஓடும் அலைகளைப் பொறியாளர்கள் தாளில் வரைந்தே கணக்கிட்டனர். பியூலி என்ற அமெரிக்கப் பொறியாளரின் வரைபட முறை 1930களில் அறிமுகமானது. பின்னர், சுருள்களையும் மின்தேக்கிகளையும் இணைத்துச் சிறு மாதிரி வலையமைப்புகள் கட்டப்பட்டன. 1969இல் ஹெர்மன் டாமல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்தக் கணக்கைக் கணினிக்குக் கொண்டுவந்தது. அதிலிருந்து வளர்ந்த நிரலே ‘ஈ.எம்.டி.பி.’

தடுப்பானும் மாறியது. பழைய வகையில் சிலிக்கான் கார்பைடு வில்லைகளுடன் காற்று இடைவெளியும் இருந்தது. 1960களின் இறுதியில் ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனத்தில் மிச்சியோ மட்சுவோகா துத்தநாக ஆக்சைடு வில்லையை உருவாக்கினார். இயல்பு மின்னழுத்தத்தில் இது மிகச் சிறு மின்னோட்டத்தையே விடும். எழுச்சியின்போது ஆயிரக்கணக்கான ஆம்பியரைக் கடத்தும். ஆகவே காற்று இடைவெளி தேவையற்றதாயிற்று. அலையின் வேகத்திற்கேற்ப இதன் நடத்தை மாறுவதால், ஐ.இ.இ.இ. குழு 1992இல் இதற்கெனத் தனி கணித மாதிரியை வெளியிட்டது.

ஏன் உருவகப்படுத்த வேண்டும்?

காஞ்சிபுரம் மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூரில் உள்ளது போன்ற 400 கிலோவோல்ட் துணைமின் நிலையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அத்தகைய மின்மாற்றி பொதுவாக 1300 கிலோவோல்ட் மின்னல் அலையைத் தாங்கும். தடுப்பான் தன்னிடத்தில் மின்னழுத்தத்தை 900 கிலோவோல்ட்டில் நிறுத்துகிறது என்றும், மைக்ரோவினாடிக்கு 1000 கிலோவோல்ட் ஏறும் அலை வருகிறது என்றும் கொள்வோம். அலை மைக்ரோவினாடிக்கு ஏறத்தாழ 300 மீட்டர் ஓடும். மின்மாற்றி 30 மீட்டர் தள்ளியிருந்தால், அலை எதிரொலித்து அங்கு 1100 கிலோவோல்ட் எழும். 60 மீட்டரில் அது 1300 ஆகும். தாங்கும் எல்லை அதுவே. தரமான தடுப்பான் இருந்தும் மின்மாற்றி பழுதாகலாம்.

ஒவ்வொரு நிலையத்தின் அமைப்பும் வேறு. ஓடும் கம்பியில் மின்னலை வரவழைத்துச் சோதிக்கவும் இயலாது. எனவே தடுப்பானை எங்கே நிறுத்துவது என்பதை, நிலையம் கட்டும் முன்பே கணினியில் கண்டறிகின்றனர்.