நீங்கள் எந்தப் பட்ச்?

மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்கு நீங்களும் போயிருப்பீர்கள். கிரேட் வெஸ்டர்ன் ஹைவேயில் இருக்கும் அந்தக் கோயிலை எங்கள் பெரியவர்கள் ‘வைகாசிக் குன்று’ என்பார்கள். மே மாதம் தமிழில் வைகாசி, ஹில் என்றால் குன்று. சின்ன வயதில் இந்தப் பெயர் எனக்குப் பெரிய பகிடியாக இருந்தது. இப்போது யோசித்தால், வந்த ஊருக்குத் தங்கள் பாஷையில் பெயர் வைத்துக்கொண்டால்தான் அவர்களுக்கு மனம் ஆறியிருக்கிறது.

1999-ல் குடமுழுக்கு நடந்த அந்தக் கோயிலில் பூசை முடிந்த பிறகு இன்னொரு சடங்கு நடக்கும். கார் தரிப்பிடத்தில் அப்பா முன்பின் தெரியாத ஒரு அங்கிளைச் சந்திப்பார். முதல் கேள்வி, “ஊரில எவடம்?” அடுத்தது, “எந்தப் பள்ளிக்கூடம்?” மூன்றாவது, “எந்தப் பட்ச்?” அதன்பிறகு நான் காருக்குள் இருந்து கைபேசியில் ஒரு படம் முழுக்கப் பார்த்து முடிக்கலாம்.

பள்ளிக்கூடம் விட்டு நாற்பது வருஷம் ஆகியும் ஏன் இந்தக் கேள்வி என்று எனக்கு விளங்கியதே இல்லை. நான் படித்த பள்ளிக்கூடமும் மேற்கு சிட்னியில்தான். என் வகுப்பில் இருந்தவர்களில் பாதிப் பேரின் பெயர் இப்போதே மறந்துபோச்சு. ஆனால் அம்மாவும் அப்பாவும் வருஷத்துக்கு ஒரு முறையாவது உடுத்திக்கொண்டு பழைய மாணவர் சங்கத்தின் இராப்போசனத்துக்குப் போகிறார்கள். கல்லூரிக் கீதத்துக்கு எழுந்து நிற்கிறார்கள். சில அங்கிள்மார் அதைப் பாடும்போது அழுகிறார்கள். ஏன் என்று கேட்டுப் போனதில் கிடைத்த கதைதான் இது. அது நான் நினைத்ததைவிடப் பழையது.

மூடிய பள்ளிக்கூடத்தின் பிள்ளைகள்

1816-ல் அமெரிக்காவில் இருந்து கிறிஸ்தவ மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். 1823-ல் வட்டுக்கோட்டையில் ஓர் உயர்கல்விக் கூடத்தைத் தொடங்கினார்கள். அதன் முதல் அதிபர் டானியல் பூவர். ஆங்கிலம், தமிழ், கணிதம், வானியல் என்று அந்தக் காலத்தில் ஆசியாவிலேயே சில இடங்களில் மட்டும் கிடைத்த படிப்பு அங்கே கிடைத்தது. அங்கே படித்தவர்களில் பலருக்கு அமெரிக்கப் பெயர்களும் சூட்டப்பட்டன. கரோல் விசுவநாதபிள்ளை, வில்லியம் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை போன்ற பெயர்களைப் பார்த்தால் உங்களுக்கு விளங்கும். வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் இன்னொரு பெயர் என்பது எங்களோடு தொடங்கிய பிரச்சினை இல்லை.

1841-ல் வெளிவந்த ‘உதயதாரகை’ பத்திரிகையை நடத்திய ஹென்றி மார்ட்டின், சேத் பேய்சன் இருவரும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். பெயரைப் பார்த்து வெள்ளைக்காரர் என்று நினைக்கவேண்டாம். இருவரும் தமிழர்.

1855-ல் அந்தப் பள்ளிக்கூடம் மூடப்பட்டது. அமெரிக்காவில் இருந்த மிஷன் தலைமைக்கு அதில் திருப்தி இல்லை. பெடியங்கள் ஆங்கிலம் படித்து அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள், ஊழியத்துக்கு வருகிறவர்கள் குறைவு என்பது அவர்களுடைய கணக்கு.

மூடி இரண்டு வருஷத்தில், 1857-ல், சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் பி.ஏ. பரீட்சையை நடத்தியது. தேறிய இருவரும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள்தான். ஒருவர் கரோல் விசுவநாதபிள்ளை. மற்றவர் சி.வை. தாமோதரம்பிள்ளை. தமிழ்ப் பாடத்தில் கலித்தொகை என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். ஏட்டுச் சுவடியில் கிடந்த அந்த நூலை 1887-ல் அச்சில் கொண்டுவந்தவர் அவர்.

பள்ளிக்கூடம் இல்லாமல் போனால் பழைய மாணவர்கள் என்ன செய்யலாம்? கூடிக் கதைத்துக் கவலைப்பட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. வட்டுக்கோட்டையில் படித்தவர்களும் ஊர்ப் பெரியவர்களும் 1867-ல் இருந்து எங்களுக்கு ஒரு கல்லூரி வேண்டும் என்று முயன்றார்கள், காசு சேர்த்தார்கள். 1872-ல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி திறந்தது. அதாவது, அந்தக் கல்லூரி தன் பழைய மாணவர்களை உருவாக்குவதற்கு முன்பே, முந்தைய பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர்கள் அதை உருவாக்கிவிட்டார்கள்.

அதோடு முடியவில்லை. வில்லியம் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை யாழ்ப்பாண நகரத்தில் தொடங்கிய ஒரு சிறிய பாடசாலை பின்னர் சைவப் பெரியவர்களின் கைக்கு வந்து, 1890-ல் இந்து உயர்தரப் பாடசாலை ஆனது. அதுதான் இன்றைய யாழ் இந்துக் கல்லூரி. உங்கள் அப்பா ‘இந்து’, உங்கள் சிநேகிதியின் அப்பா ‘யாழ்ப்பாணக் கல்லூரி’ என்றால், இருவருடைய பள்ளிக்கூடங்களின் வேரும் வட்டுக்கோட்டையில் ஓரிடத்தில் தொடும். அடுத்த முறை அவர்கள் தங்கள் கல்லூரிதான் பெரிது என்று சண்டை பிடிக்கும்போது இதை எடுத்துவிடுங்கள்.

விருந்துக்கு மேலே

1924-ல் ஹன்டி பேரின்பநாயகம் என்ற இளம் ஆசிரியரும் அவருடைய நண்பர்களும் மாணவர் காங்கிரஸ் ஒன்றைத் தொடங்கினார்கள். பின்பு அது யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் ஆனது. பேரின்பநாயகம் யாழ்ப்பாணக் கல்லூரியின் பழைய மாணவர். அவரோடு நின்ற பலரும் ஒரே வகுப்பறைகளில், ஒரே விடுதியில் இருந்து வந்தவர்கள். 1927 நவம்பரில் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்கள் இவர்கள்தான்.

இவர்கள் பேசிய விஷயங்களில் ஒன்று சாதி. அந்தக் காலத்தில் பல பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வாங்கில் இருக்க முடியாது. தரையில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் வெளியே நிற்கவேண்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்று 1929 அளவில் வந்தபோது ஊரில் பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. வாலிபர் காங்கிரஸ் சம ஆசனத்தின் பக்கம் நின்றது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், “எந்தப் பள்ளிக்கூடம்?” என்ற கேள்விக்கு இன்னொரு முகமும் உண்டு. சிலர் அதைக் கேட்பது சிநேகிதம் தேட. சிலர் கேட்பது, நீங்கள் யார், எந்தக் குடும்பம், எந்த இடம் என்று அளக்க. நகரத்துப் பெரிய கல்லூரியின் பெயரைச் சொன்னால் வரும் சிரிப்பு, கிராமத்துச் சின்னப் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னால் எல்லோரிடமும் வருவதில்லை. ஓ.எல். எழுதமுதல் படிப்பை விட்டவருக்கு அந்தக் கேள்வி எப்படி இருக்கும்? இதையும் நாங்கள் பார்க்கவேண்டும்.

இல்லாத ஊரின் முகவரி

1981 ஜூன் முதலாம் திகதி விடியமுதல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 புத்தகங்கள் போயின. 1983 ஜூலைக் கலவரம் வந்தது. அதன்பிறகு அவுஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சனம் வெளிக்கிட்டது. 1990-ல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. 1995 அக்டோபர் 30-ம் திகதி வலிகாமம் முழுக்க ஒரே இரவில் இடம்பெயர்ந்தது. லட்சக்கணக்கான ஆட்கள் மழைக்குள் நடந்து தென்மராட்சிக்குப் போனார்கள். பள்ளிக்கூடங்களும் இடம்பெயர்ந்தன. ஒரு பள்ளிக்கூடத்தின் கட்டடத்தில் பின்நேரம் இன்னொரு பள்ளிக்கூடம் நடந்தது. மரத்துக்குக் கீழேயும் நடந்தது.

இந்தக் காலத்தில்தான் வெளிநாட்டுப் பழைய மாணவர் சங்கங்கள் பலமானவை. சிட்னியிலும் மெல்பேர்ணிலும் ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு சங்கம் வந்தது. 1823-ல் தொடங்கிய பரி. யோவான், 1824-ல் தொடங்கிய உடுவில் மகளிர், 1838-ல் தொடங்கிய ஹாட்லி என்று எல்லாவற்றின் பிள்ளைகளும் இங்கே இருந்தார்கள். மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, வீட்டில் றோல்ஸ் சுட்டுக்கொண்டு வந்து, இசை நிகழ்ச்சி வைத்துக் காசு சேர்த்தார்கள். அந்தக் காசு கூரைக்கும் கதிரைக்கும் புத்தகத்துக்கும் போனது.

ஆனால் காசு மட்டும் என்றால் வங்கிக்குப் போய் அனுப்பிவிடலாம், மண்டபம் தேவையில்லை. அவர்களுக்குச் செய்தி தேவைப்பட்டது. தொலைபேசி இல்லாத ஊரில் இருந்து கடிதம் வர எத்தனையோ கிழமை எடுக்கும். யாருக்காவது ஒரு கடிதம் வந்தால் அது மண்டபத்தில் எல்லோருக்கும் வந்த கடிதம். யார் செத்தது, யாரைக் காணவில்லை, யார் கொழும்புக்கு வந்துவிட்டார், எந்த மாஸ்டர் இன்னும் படிப்பிக்கிறார் என்பதெல்லாம் அப்படித்தான் தெரியவந்தது என்று அப்பா சொன்னார். அவர்களுடைய ஊர்ப் பேரேட்டை அவர்களே வாயால் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

சங்கங்கள் போட்ட சிறப்பு மலர்களை நான் முன்பு திறந்ததே இல்லை. முதல் பத்துப் பக்கம் வாழ்த்துச் செய்தி, பிறகு மளிகைக்கடை விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடுவேன். இப்போது வாசிக்கிறேன். ஒரு மூலையில் கல்யாணச் செய்தி, இன்னொரு மூலையில் அஞ்சலி, நடுவில் 1960-களின் கிரிக்கெட் அணிப் படம். வீடும் அல்பமும் எரிந்த குடும்பத்துக்கு அந்தப் படம் ஒன்றுதான் மிஞ்சியிருக்கலாம். 2005-ல் தொடங்கிய நூலகம் இணையத் தளத்தில் இப்படிப்பட்ட கல்லூரி மலர்களையும், செத்த வீட்டின் பின் குடும்பங்கள் அச்சிடும் நினைவு மலர்களையும் வருடிச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். உங்கள் தாத்தாவின் கல்லூரிப் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள்.

அம்மாவின் படம்

அம்மாவிடம் ஒரு வகுப்புப் படம் இருக்கிறது. வெள்ளைச் சட்டை, இரட்டைப் பின்னல், முப்பத்தியொரு பிள்ளைகள். மூன்று வருஷத்துக்கு முன் அம்மாவின் பட்ச் வாட்ஸ்அப் குழு தொடங்கியபோது அந்தப் படத்தைப் போட்டு ஒவ்வொருவராகத் தேடத் தொடங்கினார்கள். லண்டனில் எட்டுப் பேர், ரொறன்ரோவில் ஆறு, ஊரில் ஐந்து. ஒரு மாதத்தில் இருபத்தாறு பேரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பிறகு நின்றுபோச்சு.

ஏன் என்று கேட்டேன். “பொம்பிளைப் பிள்ளையளைத் தேடுறது கஷ்டம் பிள்ளை,” என்றார் அம்மா. பள்ளிக்கூட இடாப்பில் அப்பாவின் பெயரோடு இருந்தவள், கல்யாணத்தின் பின் புருஷனின் பெயரோடு இருப்பாள். பாஸ்போர்ட்டிலும் முகநூலிலும் அந்தப் பெயர்தான். ஆண்களின் கல்லூரிகளில் 1950-ம் ஆண்டு அணித்தலைவரை ஒரு நிமிஷத்தில் கண்டுபிடிக்கலாம். 1980-ல் பக்கத்து வாங்கில் இருந்த சிநேகிதியைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஐந்து பேரில் இருவர் போரில் இறந்தது பிறகு தெரியவந்தது. அன்று குழுவில் நாள் முழுக்க யாரும் பகிடிப் படம் போடவில்லை. ஒருவரைப் போன வருஷம் ஒரு மரண அறிவித்தலில் கண்டுபிடித்தார்கள். செத்தது அவருடைய அம்மா. பிள்ளைகளின் பெயர் வரிசையில், அடைப்புக்குறிக்குள் நாட்டின் பெயரோடு, அவருடைய பெயர் இருந்தது. அம்மா அழைப்பு எடுத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். பெயரைச் சொன்னதும் மறுபக்கம் சத்தமே இல்லை. பிறகு அம்மாவின் பள்ளிக்கூடப் பட்டப்பெயரைச் சொல்லி, “நீயோடி?” என்று கேட்டது. என் அம்மாவை யாரும் ‘டி’ போட்டுக் கூப்பிட்டு நான் அதுவரை கேட்டதில்லை. அவர் அழுதது எனக்கு அப்போது விளங்கியது. இந்த நாட்டில் அம்மாவை எல்லோருக்கும் அன்ரியாகவும் எங்கள் அம்மாவாகவும்தான் தெரியும். பதினைந்து வயதுக்காரியாக அவரைத் தெரிந்தவர்கள் அந்தப் படத்தில் மட்டும்தான் இருக்கிறார்கள்.

இன்னும் இருவரைக் காணவில்லை. ஒருவரின் முழுப்பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை.

எங்களுக்கு என்ன?

சங்கங்களில் இப்போது தலைமயிர் நரைத்துவிட்டது. கூட்டத்தில் “இளம் தலைமுறை வரவேண்டும்” என்பார்கள். எங்கள் பெயரில் தீர்மானம் நிறைவேற்றுவார்கள். நான் படிக்காத பள்ளிக்கூடத்துக்கு நான் எப்படிப் பழைய மாணவி ஆவது? அதற்கு என்னிடம் பதில் இல்லை. சிலர் ஊருக்குப் போய் அந்தக் கல்லூரிகளில் ஆங்கிலம் படிப்பிக்கிறார்கள். சிலர் இங்கே கிரிக்கெட் போட்டியில் அப்பாவின் கல்லூரி நிறத்தில் விளையாடுகிறார்கள். 1904-ல் இருந்து மத்திய கல்லூரிக்கும் பரி. யோவானுக்கும் நடக்கும் ‘வடக்கின் சமர்’ அன்று சிட்னி வீடுகளில் புள்ளி பார்க்கும் பெடியங்களையும் எனக்குத் தெரியும். இவை எல்லாம் நல்லதுதான்.

நான் செய்யத் தொடங்கியது சின்ன வேலை. அம்மாவின் படத்தைப் பிரதி எடுத்து, ஒவ்வொரு தலைக்கும் ஓர் எண் போட்டு, பெயர், அப்பாவின் பெயர், கல்யாணத்துக்குப் பிறகு உள்ள பெயர், ஊர் என்று ஒரு கொப்பியில் எழுதுகிறேன். தெரியாத இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு படம் கட்டாயம் இருக்கும். அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பெயர்கள் இல்லை என்றால், இந்தக் கிழமையே பக்கத்தில் இருந்து கேட்டு எழுதுங்கள். பெரிய கல்லூரியோ மூன்று வகுப்பறைப் பள்ளிக்கூடமோ, எல்லாப் பெயரையும் எழுதுங்கள்.

போன வெள்ளிக்கிழமை கோயிலில் ஓர் அன்ரி அம்மாவிடம் வந்து, “நீங்கள் எந்தப் பட்ச்?” என்று கேட்டார். நான் கார் திறப்பை அம்மாவின் கையில் இருந்து வாங்கவில்லை. கொப்பியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன்.