ஹெட்போன்: யார் காதுக்குச் செஞ்சது?

"நல்ல ஹெட்போன் எது, ஒண்ணு சொல்லுங்க" என்று யாராவது கேட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை. என்ன பாட்டு கேப்பீங்க, எங்க உக்காந்து கேப்பீங்க என்று ரெண்டு கேள்வி திருப்பிக் கேட்பேன். முக்கால்வாசிப் பேர் "எல்லாப் பாட்டும்தாங்க" என்பார்கள். சிலர் 'இவன்கிட்ட போய்க் கேட்டோம் பாரு' என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு விலைப்பட்டியலுக்கே திரும்பிவிடுவார்கள். :)

ஆனா ஹெட்போனோட சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டினா, அந்த ரெண்டு கேள்விதான் மொத்தக் கதையும்னு தெரியும். பேர் வாங்கிய ஹெட்போன்களில் பெரும்பாலானவை யாரோ ஒரு ஆசாமி, ஏதோ ஒரு சத்தத்தை, ஏதோ ஒரு இடத்தில் இருந்துகொண்டு கேட்க ஆசைப்பட்டதால் பிறந்தவை. நாம வாங்கறது அந்த ஆசாமியோட காதைத்தான்.

ஆரம்பமே பாட்டில்தான். 1881-ல் பாரிஸில் மின்சாரக் கண்காட்சி நடந்தது. கிளெமான் அதேர் என்ற எஞ்சினீயர் ஆப்பரா மேடையின் முன்னால் வரிசையாக டெலிபோன் டிரான்ஸ்மிட்டர்களை வைத்து, அங்கிருந்து கண்காட்சிக்குக் கம்பி இழுத்து, வந்தவர்கள் காதில் பாட்டைக் கொடுத்தார். ஒரு காதுக்கு ஒரு கம்பி, இன்னொரு காதுக்கு வேறு கம்பி. பாடகர் மேடையில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்ந்தால், நகர்வது காதில் தெரிந்தது. ஸ்டீரியோ இசைத்தட்டு வர இன்னும் முக்கால் நூற்றாண்டு இருக்கு, பார்த்துக்குங்க!

1890-ல் இது தியேட்ரோஃபோன் என்ற பெயரில் சந்தா கட்டிக் கேட்கிற சேவையாகி 1932 வரை ஓடியது. எழுத்தாளர் மார்செல் ப்ரூஸ்ட் 1911-ல் சந்தாதாரர். ஆஸ்துமாக்காரர், வெளியே போவதே அபூர்வம். தெபுஸ்ஸியின் ஆப்பராவைப் படுக்கையறையிலேயே கேட்டார். ஒரு தடவை ஏதோ இனிமையான, உருவமில்லாத ஓசை என்று ரசித்துக்கொண்டிருந்தவருக்கு அப்புறம்தான் அது இடைவேளைச் சத்தம் என்று புரிந்ததாம். ஒலியின் தரம் அந்த லட்சணம். ஆனாலும் மனுஷன் விடாமல் கேட்டார்.

அதுக்கப்புறம் ரொம்ப காலத்துக்கு ஹெட்போனுக்கும் பாட்டுக்கும் பெரிசா சம்பந்தம் இல்லை. 1910 வாக்கில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தானியேல் பால்ட்வின் என்பவர் வீட்டுச் சமையலறையில் செய்த ஹெட்போனை அமெரிக்கக் கடற்படை வாங்கியது. கப்பலில் ரேடியோ ஆபரேட்டருக்கு மோர்ஸ் டிக் டிக் கேட்டால் போதும், தம்புராவா கேட்கப் போறார்? 1937-ல் ஜெர்மனியின் பேயர் கம்பெனி கொண்டுவந்த டிடி 48 நல்ல சாமான், ஆனால் அதுவும் பெரும்பாலும் வானொலிக்காரர்கள், ஒலிப்பதிவாளர்கள் கையில்தான் இருந்தது.

வீட்டில் சும்மா உட்கார்ந்து பாட்டு கேட்க ஹெட்போன் என்பது 1958-ல்தான் வருகிறது. அமெரிக்காவில் மில்வாக்கி ஊரில் ஜான் காஸ் என்றொருவர். ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கு டிவி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர். எஞ்சினீயர் மார்ட்டின் லாங்குடன் சேர்ந்து தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு ஸ்டீரியோ ரெக்கார்ட் பிளேயர் செய்தார். பக்கத்தில் இருப்பவருக்குத் தொந்தரவு இல்லாமல் கேட்பதற்காக ஒரு ஹெட்போனையும் கூடச் சேர்த்தார். உள்ளூர் ஆடியோ கண்காட்சிக்குக் கொண்டுபோனால், வந்தவர்கள் பிளேயரைச் சீந்தவே இல்லை, ஹெட்போனைக் கழற்ற மனசில்லாமல் நின்றார்கள். புளிக்குழம்பு வெச்சவங்களை விட்டுட்டு அப்பளம் பொரிச்சவங்களைப் பாராட்டின கதை. ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வந்ததும் அதே சமயம் என்பது காஸின் அதிர்ஷ்டம்.

காதை இறுக்கமாக மூடுகிற கனமான பொருள் அது. அடுத்த பத்து வருஷம் நல்ல ஹெட்போன் என்றாலே அப்படித்தான் இருக்கவேண்டும் என்று நம்பினார்கள். அதை உடைத்தது 1968-ல் வந்த சென்ஹைசர் எச்டி 414. மஞ்சள் நிற ஸ்பாஞ்சு, பின்பக்கம் திறப்பு. உள்ளே வருகிற பாட்டு வெளியே கசியும், வெளியே அடிக்கிற குக்கர் விசிலும் உள்ளே வரும். பார்க்கப் பொம்மை மாதிரி இருந்தாலும் ஒரு கோடிக்கு மேல் விற்றது.

இந்தத் திறப்பு என்ன செய்யும் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லணும். மூடின வகையில் ஸ்பீக்கரின் பின்பக்கத்து ஒலி கூட்டுக்குள்ளேயே முட்டி மோதித் திரும்பி வரும். அதைச் சரியாக அடக்காவிட்டால் எல்லாப் பாட்டும் பானைக்குள் பாடின மாதிரி ஆகும். திறந்த வகையில் அது வெளியே போய்விடும். மீட்டிய தந்தி தேய்ந்து அடங்குகிற கடைசித் துளி வரை கேட்கும். தம்புரா பின்னால் ஓடுகிற கச்சேரியைத் திறந்த ஹெட்போனில் ஒரு தடவை கேட்டுப் பாருங்க, பாடறவருக்கும் தம்புராவுக்கும் நடுவுல காத்து போற மாதிரி இருக்கும். அதுக்கு விலையும் உண்டு: அடிநாதம் கொஞ்சம் மெலியும். எச்டி 414-இல் நல்லாவே மெலியும்.

சரி, வாக்மேனுக்கு வருவோம். சோனியின் மசாரு இபுகா நீண்ட விமானப் பயணங்களில் பாட்டு கேட்க ஆசைப்பட்டார், 1979 ஜூலையில் வாக்மேன் வந்தது. கேசட் பிளேயரைச் சிறிதாக்கியதைவிட அதோடு வந்த ஹெட்போன்தான் பெரிய காரியம் என்பது என் கட்சி. அதுவரை 300, 400 கிராம் என்று தலையை அழுத்திய சாமான் 50 கிராம் சுமாருக்கு இறங்கியது. முதல் மாடலில் ரெண்டு பேர் சேர்ந்து கேட்க ரெண்டு துளை வேறு! நம்ம ஊருக்கு இது சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்த உறவுக்காரங்க பெட்டியில்தான் வந்தது. ஆரஞ்சு நிற ஸ்பாஞ்சு நாலு மாசத்துல பிய்ஞ்சு காதெல்லாம் பொடி ஒட்டும், ஞாபகம் இருக்கா?

1985-ல் சோனி எம்டிஆர் வி6, பிறகு 1991-ல் 7506. ஸ்டுடியோக்காரர்களுக்கு ரொம்பப் பிடித்தவை, 7506 இன்னும் விற்கிறது. "ஸ்டுடியோவுலயே இதுதான் சார்" என்று சொல்லி இதை விற்பார்கள். பொய்யில்லை. ஆனால் ஸ்டுடியோவில் அதை மாட்டிக்கொள்வது ரசிக்க இல்லை, குறை கண்டுபிடிக்க. மைக்கில் விழுந்த மூச்சு, ஒயரின் இரைச்சல், எடிட் பண்ணின ஒட்டு, எல்லாத்தையும் பூதக்கண்ணாடி மாதிரிக் காட்டும். ஐம்பது அறுபது வருஷத்துக்கு முந்தைய கச்சேரி டேப்பை அதில் போட்டால் பாகவதருக்கு முன்னால் டேப்பின் இரைச்சல்தான் சபைக்கு வந்து உட்காரும்.

பழைய படப் பாட்டு பிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. எழுபதுகளின் பாதி வரை நம்ம படப் பாட்டு பெரும்பாலும் மோனோ. ரெண்டு காதுக்கும் ஒரே ஒலி, மண்டைக்கு நடுவுல நிக்கும். 'மேடை விரிந்து தெரியும்' என்று விளம்பரப்படுத்துகிற ஹெட்போனுக்குக் கூடுதலாகக் காசு கொடுத்தால் அந்தப் பாட்டுகளில் விரிவதற்கு எதுவுமே இல்லை. குரல் வருகிற நடுப்பகுதி நல்லா இருக்கிற சாதாரண ஹெட்போன் போதும். 1984-ல் காஸ் கம்பெனி கொண்டுவந்த போர்ட்டா ப்ரோ மாதிரி. அதுவும் இன்னும் விற்பனையில் இருக்கிறது. இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' (1986) வேற விஷயம். அதில் வயலின் கூட்டம் எங்கே, பேஸ் கிடார் எங்கே என்று இடம் பிரிந்து கேட்டால்தான் சுகம்.

அடிநாதத்துக்கு வந்தா சண்டையே ஆரம்பிக்கும். டாக்டர் ட்ரே பெயரில் 2008-ல் பீட்ஸ் வந்தது. ஆடியோ பைத்தியங்கள் எல்லாம் 'கொழகொழ'ன்னு திட்டினார்கள். எனக்கு அந்தத் திட்டில் உடன்பாடு இல்லை. ஹிப் ஹாப்பில் அடிநாதம்தான் தலைவர், குரல் அவர் தோள்மேல் உட்கார்ந்து வரும். அந்தப் பாட்டுக்குச் செய்த கருவி அப்படித்தான் இருக்கும். குத்துப் பாட்டுக்கும் அது பொருந்தும். அதையே கச்சேரிக்கு மாட்டினால்தான் வினை.

ஏன் என்றால் மிருதங்கம். சி.வி. ராமன் 1920-ல் சிவகாளி குமாரோடு சேர்ந்து 'நேச்சர்' இதழில் நம்ம ஊர்த் தோல்வாத்தியங்கள் பற்றி எழுதினார். சாதாரண மேளத்தின் மேல்சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் சிதறும். தோலின் நடுவே கரும்பூச்சு ஏற்றிய நம்ம வாத்தியத்தில் அவை தந்தி வாத்தியம் போல ஒழுங்காக அமைகின்றன. மிருதங்கத்தின் வலந்தலை சுருதியோடு பேசுவது அதனால்தான். அந்த நயமெல்லாம் நடுவிலும் மேலேயும் இருக்கு. அடிநாதத்தைத் தூக்கிவிட்ட ஹெட்போனில் தொப்பியின் கும்கி பலூன் மாதிரி வீங்கி, வலந்தலையை அமுக்கி, பாடகர் வாயையும் பொத்திவிடும்.

அப்போ எல்லாருக்கும் பொதுவாகப் பிடிக்கிற ஒலி என்று ஒன்று இல்லவே இல்லையா? ஹார்மன் கம்பெனியில் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் 2012 வாக்கிலிருந்து இதை ஆராய்ந்தார்கள். நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் கேட்பது போல இருக்கிற ஒலியைத்தான் ஏறக்குறைய மூணில் ரெண்டு பங்குப் பேர் விரும்பினார்கள். மிச்சப் பேரில் ஒரு கூட்டத்துக்கு இன்னும் அடிநாதம் வேணும், இன்னொரு கூட்டத்துக்குக் குறைவா வேணும். உருப்படியான வேலை, இன்றைக்குப் பல கம்பெனிகள் இதை வைத்துத்தான் சுருதி கூட்டுகின்றன. ஆனா கேக்க வெச்சதெல்லாம் அமெரிக்கப் பாப், ராக் மாதிரிப் பாட்டுகள். தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் அதே தீர்ப்பு பொருந்தும்னு நான் எழுதிக் கொடுக்க மாட்டேன்.

இனி ரெண்டாவது கேள்வி: எங்க உக்காந்து? 1978-ல் அமர் போஸ் சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் போனார். அப்பா வங்காளத்துச் சுதந்திரப் போராளி, மகன் எம்.ஐ.டி. பேராசிரியர். விமானத்தில் கொடுத்த ஹெட்போனை மாட்டினால் எஞ்சின் இரைச்சலில் பாட்டே கேட்கவில்லை. இரைச்சலை எதிர் ஒலி கொடுத்து அடக்குகிற கணக்கை அந்தப் பயணத்திலேயே போட ஆரம்பித்தார். 1989-ல் விமானிகளுக்கு, 2000-ல் நமக்கு என்று கைக்கு வந்தது.

இதை சொகுசு சமாச்சாரம்னு நினைச்சிடாதீங்க. 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் கேட்கலாம் என்பது அமெரிக்காவின் தொழிலாளர் நல ஆய்வு நிறுவனம் சொல்கிற கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 88-ல் நாலு மணி. 100 டெசிபலில் பதினஞ்சே நிமிஷம். திறந்த ஹெட்போனையோ காதில் சும்மா தொங்குகிற இயர்போனையோ மாட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினால், எஞ்சினை ஜெயிக்கக் கை தானாக வால்யூமை ஏற்றும். 12 முதல் 35 வயது வரை நூறு கோடிக்கு மேற்பட்டவர்களின் காது இப்படி ஆபத்தில் இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சொன்னது.

எங்க சித்தப்பா முப்பது வருஷம் நூற்பு மில்லில் இருந்தவர். காதுக்கு ஒண்ணும் கொடுத்ததில்லை அந்தக் காலத்தில். இப்போ நாதஸ்வரம் கேட்கிறார், தவில் கேட்கிறார், ஜால்ரா கேட்கவில்லை. "ஏன்டா, தாளக்காரர் வரலையா?" என்றார் ஒரு நாள் டிவியைப் பார்த்து. தாளக்காரர் திரையில்தான் இருந்தார். எவ்வளவு விலை கொடுத்து வாங்கின ஹெட்போனும் அதைத் திருப்பித் தராது. அதனால் பஸ், ரயில்னா காதை நல்லா அடைக்கிற வகையோ, இரைச்சல் அடக்குகிற வகையோதான். பாட்டு ரசனை எதுவாக இருந்தாலும் சரி. திறந்த வகை வீட்டுக்கு.

கடைக்குப் போறப்போ உங்களுக்கு மனப்பாடமா தெரிஞ்ச மூணு பாட்டு எடுத்துட்டுப் போங்க. ஒண்ணு குரலுக்கு, ஒண்ணு அடிநாதத்துக்கு, ஒண்ணு நீங்க அதிகமா கேக்கிற பழசு. கடைக்காரர் வெச்சிருக்கிற டெமோ பாட்டு வேண்டாம். ரெண்டு ஹெட்போனை ஒப்பிடும்போது வால்யூமைச் சமமாக்கிக்குங்க. சத்தம் குறைந்தால் நம்ம காதுக்கு அடிநாதம் முதலில் மறையும் என்று ஃப்ளெச்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். அதனால் கொஞ்சம் கூட அலறுகிறதுதான் நல்லது மாதிரித் தோணும். சாயங்காலம் நீங்க வழக்கமா கேக்கிற அளவுக்கு வெச்சுக் கேளுங்க. "எவ்ளோ நேரம் சார்?" என்பார் கடைக்காரர். இந்த ஆலாபனை முடியட்டும்னு சொல்லுங்க.