சிதம்பர விலாஸ், கடியாபட்டி

சிதம்பர விலாஸ், புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் வட்டம் கடியாபட்டியில் (இராமச்சந்திரபுரம்) உள்ள நகரத்தார் வீடு. நூறாண்டுகளுக்கு மேல் பழமையான இவ்வீடு இப்போது மரபு விடுதியாக இயங்குகிறது.

நகரத்தார் ஊர்கள் அன்றைய புதுக்கோட்டை சமஸ்தானத்திலும் இராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்களிலும் பரவியிருந்தன. வட்டித்தொழில் செய்ய பர்மா, மலேயா, இலங்கை சென்றவர்கள் ஈட்டிய பொருளைச் சொந்த ஊரில் வீடுகளாக்கினர். பர்மா தேக்குத் தூண்கள், இத்தாலியச் சலவைக்கல், ஆத்தங்குடித் தரை ஓடு, முட்டை வெண்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு ஆகியவை இவ்வீடுகளின் அடையாளங்கள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று வீடு ஒரு தெருவிலிருந்து மறு தெரு வரை நீளும்.

வளவைச் சுற்றியுள்ள அறைகள், திருமணமான மகன்களுக்கு ஆளுக்கொன்றாக ஒதுக்கப்பட்டவை. சீர்ச் சாமான்கள் அவற்றில் வைத்துப் பூட்டப்பட்டன. இதனால் தலைமுறை பெருகப் பெருகப் பங்காளிகளும் பெருகினர்.

1930களின் பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாததால், கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்பங்கு நிலம் செட்டியார்களிடம் வந்து சேர்ந்தது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபின் அந்தச் சொத்துகள் கைவிட்டுப் போயின. வருமானம் நின்றது; பராமரிப்புச் செலவு நிற்கவில்லை. பல வீடுகள் திருமணத்துக்கும் படைப்புக்கும் மட்டுமே திறக்கப்பட்டன. சில வீடுகள் பிரிக்கப்பட்டு, தூணும் கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குச் சென்றன. பங்காளிகள் அனைவரும் ஒப்பினால்தான் வீட்டை விற்கவோ பழுதுபார்க்கவோ முடியும் என்பதால், எஞ்சியவை பூட்டியபடியே சிதைந்தன. இந்நிலையில் வீட்டை விற்காமல், பிரிக்காமல் காக்கும் ஒரு வழியாக விடுதி அமைந்தது.

ஆயினும் இவ்வீட்டைச் சுற்றுப்புறத்திலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. நகரத்தார் ஊர்களில் கூரையிலிருந்து வளவில் இறங்கும் மழைநீர் தெரு வாய்க்கால் வழியாக ஊருணியைச் சேரும்படி வீடுகளும் தெருக்களும் திட்டமிடப்பட்டன. அருகிலுள்ள திருமயத்தில் 1687இல் சேதுபதி கட்டிய கோட்டையும், சிவனுக்கும் திருமாலுக்கும் அடுத்தடுத்துக் குடைந்த குகைக்கோயில்களும் உள்ளன. விடுதிக்கு வருவோர் இவற்றையும் காண்கின்றனர்.

செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோ உலக மரபுத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. அப்பட்டியல் தனி வீட்டை அல்ல, ஊரையே மரபாகக் கொள்கிறது. விடுதி ஒரு வீட்டைக் காக்கலாம்; வாய்க்காலும் ஊருணியும் தூர்ந்தால் அந்த ஊரமைப்பு மிஞ்சாது.