இரண்டு ஷில்லிங் சீட்டு

முன்பதிவு என்பது இணையம் கொண்டுவந்த வழக்கம் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். புகழ்பெற்ற இடமொன்றைக் காண முன்கூட்டியே பெயர் கொடுத்துக் காத்திருக்கும் வழக்கத்துக்கு இரண்டரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் அதற்கு நல்ல சான்று.

1753இல் பாராளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்ட இவ்வருங்காட்சியகம், 1759 ஜனவரி 15 அன்று புளூம்ஸ்பரியின் மாண்டேகு மாளிகையில் திறக்கப்பட்டது. கல்வியில் நாட்டமும் அறியும் ஆவலும் உடைய எவரும் கட்டணமின்றி வரலாம் என்பது கொள்கை. நடைமுறையோ வேறு. காண விரும்புபவர் முதலில் வாயில்காப்பாளரிடம் தம் பெயர், சமூக நிலை, முகவரி ஆகியவற்றை எழுதிக் கொடுக்க வேண்டும். தலைமை நூலகர் அவற்றைப் பார்த்து ஒப்புதல் அளிப்பார். விண்ணப்பித்தவர் பிறகொரு நாள் வந்து சீட்டைப் பெற்றுக்கொண்டு, குறித்த நாளில், குறித்த மணிக்கு மீண்டும் வர வேண்டும். தொடக்கத்தில் ஒரு மணி நேரத்துக்குப் பத்துச் சீட்டுகளே வழங்கப்பட்டன. 1776 ஆகஸ்டில் வெளியான ஓர் அறிவிப்பு, ஏப்ரலில் விண்ணப்பித்தவர்களுக்கே இன்னும் முறை வரவில்லை என்கிறது.

இத்தனை கெடுபிடி எதற்கு? பொருள்களின் பாதுகாப்பு ஒரு காரணம். மக்களைப் பற்றிய அச்சம் இன்னொன்று. அறங்காவலர்களில் ஒருவரான ஜான் வார்ட், எளிய மக்களைத் தடையின்றி உள்ளே விட்டால் ஒழுங்கு குலையும் என்று திறப்புக்கு முன்பே வாதிட்டிருந்தார். கதவைத் திறக்கச் சட்டம் சொன்னது. எவ்வளவு திறப்பது என்பதைச் சீட்டு முடிவு செய்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அருங்காட்சியகத்துக்கான பணமே சீட்டில் வந்ததுதான். ஹான்ஸ் ஸ்லோன் திரட்டிய அரும்பொருள்களை அவருடைய வாரிசுகளிடமிருந்து 20,000 பவுனுக்கு வாங்க, அரசு பரிசுச் சீட்டுக் குலுக்கல் ஒன்றை நடத்தியது. சீட்டின் விலை 3 பவுன். ஒருவர் இத்தனைதான் வாங்கலாம் என்று வரம்பு இருந்தும், பீட்டர் லெஹூப் என்ற அதிகாரியின் துணையோடு பொய்ப் பெயர்களில் சீட்டுகள் மொத்தமாகக் கைமாறிக் கூடுதல் விலைக்கு விற்கப்பட்டன. பின்னர் அவர் மீது வழக்குத் தொடர்ந்து 1,000 பவுன் அபராதம் விதித்தார்கள். ஆக, கட்டடம் திறக்கும் முன்பே கள்ளச் சந்தை திறந்துவிட்டது.

1784இல் பர்மிங்காமிலிருந்து லண்டன் வந்த வில்லியம் ஹட்டனின் அனுபவம் இவ்வரலாற்றில் முக்கியமானது. ஏழு வயதில் டார்பி நகரின் பட்டு ஆலையில் வேலைக்குச் சென்றவர். புத்தகம் கட்டும் தொழிலைத் தானே கற்று, புத்தகக் கடை வைத்து, தம் ஊரின் வரலாற்றையும் எழுதியவர். லண்டனில் அவர் மிகவும் காண விரும்பியது இந்த அருங்காட்சியகத்தைத்தான். முறைப்படி விண்ணப்பித்துக் காத்திருக்க வெளியூர்க்காரருக்கு ஏது அவகாசம்? சீட்டு வைத்திருந்த ஒருவரிடம் ஏறக்குறைய இரண்டு ஷில்லிங் கொடுத்து அதை வாங்கினார். இலவசச் சீட்டு!

உள்ளே சுமார் பத்துப் பேர் கொண்ட குழுவை ஓர் இளைஞர் விரைவாக நடத்திச் சென்றார். பொருள்களைப் பற்றி விளக்கம் கேட்ட ஹட்டனுக்கு, எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா, பெயர்கள்தாம் எழுதியிருக்கின்றனவே என்று எரிச்சலான பதில் கிடைத்தது. அதன்பின் குழுவில் யாரும் குரல் உயர்த்தவில்லை. ஏறத்தாழ முப்பது நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. சிறிது விளக்கம் கிடைக்காததால் எவ்வளவோ இழந்தேனே என்று தம் பயண நூலில் அவர் வருந்துகிறார்.

1810இல் வாரத்தில் மூன்று நாள்கள், கண்ணியமான தோற்றமுடைய எவரும் சீட்டின்றி வரலாம் என்றாயிற்று. ஆனால் முன்பதிவு உலகிலிருந்து மறையவில்லை. மிலானில் லியோனார்டோவின் ‘இறுதி இராவுணவு’ ஓவியத்தை இன்று காண முன்பதிவு வேண்டும். சிறு குழுக்களாகப் பதினைந்து நிமிடமே அனுமதி. உலர்ந்த சுவரில் தீட்டப்பட்டதால் லியோனார்டோவின் காலத்திலேயே சிதையத் தொடங்கிய ஓவியம் அது. 1978 முதல் 1999 வரை சீரமைக்கப்பட்டது. தூசியிலிருந்தும் ஈரத்திலிருந்தும் அதைக் காக்க இக்கட்டுப்பாடு தேவை என்பதை மறுக்க இயலாது. பிரிட்டிஷ் அருங்காட்சியகமே 2020 ஆகஸ்டில், பெருந்தொற்றுக் கால அடைப்புக்குப் பின், நேரம் குறித்த முன்பதிவோடுதான் மீண்டும் திறந்தது.

நீ யார் என்று கேட்ட சீட்டு, இன்று எப்போது வருகிறாய் என்று மட்டும் கேட்கிறது. இது பெரிய முன்னேற்றந்தான். ஆயினும் முன்கூட்டித் திட்டமிட வசதியில்லாதவர் இன்றும் இடைத்தரகரிடம் கூடுதல் விலை கொடுக்கிறார், அல்லது வெளியே நின்று திரும்புகிறார். உள்ளே போனவருக்கும் ஹட்டனின் குறை முழுவதும் தீர்ந்துவிடவில்லை. அவர் கேட்டது அனுமதியை மட்டுமன்று. நின்று பார்க்கச் சற்று நேரமும், கேட்டால் சொல்வதற்கு ஒருவரும் வேண்டும் என்பதே.