மாகாணியும் மரக்காலும்

பின்னம் என்றதும் மேலே ஓர் எண், கீழே ஓர் எண், நடுவே ஒரு கோடு. இதுதானே இன்றைய மாணவர் அறிந்த வடிவம்! பழந்தமிழர் கோடிடவில்லை. ஒவ்வொரு பின்னத்துக்கும் பெயர் சூட்டினர், தனிக்குறி வகுத்தனர். 320-இல் ஒன்று முந்திரி. நான்கு முந்திரி ஒரு காணி. நான்கு காணி ஒரு மா, அதாவது 20-இல் ஒன்று. பெயரே கணக்குச் சொல்வதையும் காணுங்கள்: காலில் அரை, அரைக்கால், மாவோடு காணி கூடினால் மாகாணி, 16-இல் ஒன்று. அதற்கே வீசம் என்றும் பெயர்.

ஏன் 320? விதியுமன்று, வேதமுமன்று. அரை, கால், அரைக்கால், வீசம் எனப் பாதி பாதியாய் வெட்டும் வழக்கம் ஒருபுறம். பத்தும் இருபதுமாய்ப் பகுக்கும் வழக்கம் மறுபுறம். இரண்டையும் மீதியின்றித் தாங்கும் எண் அது. முக்காலும் மாவும் கூட்டவேண்டுமா? 240 முந்திரியும் 16 முந்திரியும் 256 முந்திரி, முடிந்தது! மூன்றால் பகுக்கும்போதுதான் முரண்டு செய்யும்: 106 போக இரண்டு மிஞ்சும். மிச்சத்தை அளக்க முந்திரியையே மீண்டும் 320 கூறாக்கிக் கீழ்முந்திரி என்றனர். அங்கும் மீதி விழத்தான் செய்யும்; பழம்பெருமைக்காக நாம் அதை மறைப்பானேன்?

தஞ்சைப் பெரிய கோயில் சுவரைப் படியுங்கள். முதலாம் இராசராசன் (985–1014) கோயிலுக்கு விட்ட ஊர்களின் நிலம் வேலி, மா, காணி, முந்திரி, அதற்கும் கீழ் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. வரி நீக்கிய நிலங்களின் வரிசையில் ஊர்நத்தம், குளம், வாய்க்கால் ஆகியவற்றோடு பறைச்சேரியும் வருகிறது. மண்ணில் தூசளவும் தப்பவிடாத அதே உளிதான், ஊர் வேறு சேரி வேறு என்பதையும் செதுக்கிற்று.

அந்தக் கணக்கைப் பிற்காலத்தில் எண்சுவடி வழியாக மனப்பாடம் செய்வித்தவை திண்ணைப் பள்ளிகள். சேரிப் பிள்ளைக்கு அந்தத் திண்ணை எட்டாத் திண்ணை. விளைவு என்ன? 80 மரக்கால் நெற்குவியலில் மாகாணிப் பங்கு 5 மரக்கால். மாப் பங்கு 4. மாகாணி பேசி மாவை அளந்தால், கணக்கறிந்தவன் கையைப் பிடிப்பான். அறியாதவன் கும்பிட்டுவிட்டு நடப்பான். வாயில் வரும் சொல்லில் ஒரு காணிதான் குறைவு. அவன் வீட்டு உலைக்கோ ஒரு மரக்கால் குறைவு! எண்ணை மறைத்தவனுக்கு இருப்புக்கோல் தேவைப்படவில்லை.

1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய் 100 காசாயிற்று. 16 அணா போனது. ஓரணாவாய் வழங்கிய வீசமும் கடைத்தெருவை விட்டு மெல்ல அகன்றது. தலைமுறை தலைமுறையாய்ச் சில குடும்பங்களிலேயே தங்கிவந்த கர்ணம், மணியம் பதவிகளைத் தமிழ்நாடு அரசு 1980-இல் ஒழித்தது. முந்திரி, காணி, மா ஆகியவற்றின் குறிகள் 2019-இல் யூனிகோடு தரத்தில் இடம்பெற்றன. கணிப்பொறியில் அவற்றை எழுத இன்று எவருடைய திண்ணையிலும் இடம் கேட்க வேண்டியதில்லை.