தராசின் மேல் ஒரு முத்திரை

கடையில் சீனி நிறுக்கும்போது நம் கண்கள் தராசின் முள்ளின் மேலோ, எண்ணின் மேலோதான் இருக்கும். அதன் உடம்பில் குத்தியிருக்கும் முத்திரையையோ, ஒட்டியிருக்கும் சிறு சீட்டையோ நாம் கவனிப்பதில்லை. சட்டப்படி அந்தத் தராசு சோதிக்கப்பட்டது, சோதனைக் கட்டணமும் செலுத்தப்பட்டது என்பதற்கு அதுவே அடையாளம். கட்டணம் செலுத்துபவர் தராசை வைத்திருப்பவர். பொருள் வாங்கும் நாம் அல்ல. இந்த ஏற்பாடு வந்த வழியைச் சற்றே பார்ப்போம்.

பதினைந்தாம் நூற்றாண்டில் மலாக்காத் துறைமுகத்தில் நான்கு ஷாபந்தர்கள் இருந்தனர். குஜராத்தி வணிகருக்கு ஒருவர், சீனர் முதலியோருக்கு ஒருவர், ஜாவா முதலிய கீழைத் தீவினருக்கு ஒருவர். சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற நம் தமிழ் வணிகரை, வங்காளம், பெகு, பாசாய் வணிகரோடு சேர்த்து, நான்காமவர் கவனித்தார். கப்பலை வரவேற்பதும் பண்டசாலை ஒதுக்குவதும் மட்டும் அவர்கள் வேலையல்ல. எடையும் அளவும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பதும் அவர்கள் பொறுப்பே. பல நாட்டார் பல கற்களோடு வந்து இறங்கும் இடத்தில் எடைக்கு ஒரு பொதுக் காவல் இல்லையென்றால் மறுமுறை யார் வருவார்கள்? மேற்கிலிருந்து வந்த சரக்குக்கு நூற்றுக்கு 6 வரி என்று தோமே பிரேஸ் என்ற போர்த்துகீசியர் எழுதி வைத்திருக்கிறார். ஆகவே எடை பிசகினால் வணிகருக்கு மட்டுமல்ல, சுல்தானின் கருவூலத்துக்கும் நட்டம்.

சரி, சோதிக்க வருபவரே கை நீட்டினால்? இதற்கு, பிற்காலத்தில் மலாயாவை ஆண்ட இங்கிலாந்தின் கதையே சான்று. அங்கே அரசரின் சந்தை அதிகாரி என்று ஒருவர் இருந்தார். ஊர் ஊராகச் சென்று அளவைகளைச் சோதித்துக் கட்டணமும் அபராதமும் வாங்குவது அவர் வேலை. நாளடைவில் சோதனை பின்னுக்குப் போய், வசூல் முன்னுக்கு வந்தது. மக்களின் முறையீடு பெருகவே, 1640இல் கூடிய நாடாளுமன்றம் அவருடைய அதிகாரத்தை அரண்மனை வட்டாரத்துக்குள் அடக்கிவிட்டது. 1835ஆம் ஆண்டுச் சட்டம் வட்டாரந்தோறும் பரிசோதகர்களை நியமிக்க வழி செய்தது. எந்தக் கருவிக்கு எவ்வளவு கட்டணம் என்ற பட்டியலும் அந்த நூற்றாண்டில் சட்டத்திலேயே இடம்பெற்றது. கேட்ட தொகையைக் கொடுக்க வேண்டிய நிலை மாறியது. கட்டணத்தை எழுதி வைத்ததுதான் பெரிய சீர்திருத்தம் என்போம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் மலாயாவின் பழைய அளவைகள் மறையவில்லை, இராத்தலோடு இணைக்கப்பட்டன. 16 தாஹில் ஒரு காத்தி. 100 காத்தி ஒரு பிக்குல். ஒரு பிக்குல் 133⅓ இராத்தல். இவற்றை நிறுத்தது டாச்சிங். நம் முன்னோர் வெள்ளிக்கோல் என்றது இந்த வகையைத்தான். ஒரு முனையில் பொருள் தொங்கும். கோலின் மேல் குண்டு நகரும். குண்டு நிற்கும் கோடே எடை. பார்க்க எளியது, ஏமாற்றவும் எளியது. குண்டைச் சற்றுக் குடைந்து இலேசாக்கினால் அது கோலில் அதிகத் தொலைவு போய்த்தான் நிற்கும். குறைந்த பொருளே நிறைந்த எடை காட்டும். குண்டு பதினாறில் ஒரு பங்கு குறைந்தால் காத்திக்கு ஏறக்குறைய ஒரு தாஹில் போய்விடும். மாதம் 30 காத்தி அரிசி வாங்கும் குடும்பத்துக்கு நட்டம் கிட்டத்தட்ட இரண்டு காத்தி! பற்றுப் புத்தகத்தில் கணக்கு சரியாகவே இருக்கும், பானையில்தான் குறையும். அதே ஆள் நம்மிடம் ஒட்டுப்பால் வாங்க வந்தால் கனமான குண்டைக் கொண்டு வருவான். சோதித்த கருவியில் முத்திரை குத்துவதன் தேவை இதனால் விளங்கும்.

தோட்டத்தில் எடை என்பது கூலியின் வேறு பெயர். வெட்டுக்காரர் கொண்டுவரும் பாலை நிறுத்து, அதில் உலர்ந்த ரப்பர் நூற்றுக்கு எத்தனை பங்கு என்று கணக்கிடுவர். 20 கிலோ பாலில் 30 பங்கு என்றால் 6 கிலோ. 28 பங்கு என்று எழுதினால் 5 கிலோ 600 கிராம். தராசு சரியாக இருந்தும் இந்த இரண்டாம் கணக்கில் குறைய முடியும். வாளியோடு வரிசையில் நின்ற நம் தாய்மார் கிராணியின் பேனாவையும் உற்றுப் பார்த்தது வீணான சந்தேகம் அல்ல.

மலேசியாவில் 1972ஆம் ஆண்டு எடை, அளவைச் சட்டம் மெட்ரிக் முறையைக் கொண்டுவந்தது. காத்தி போய்க் கிலோ வந்தது. பழைய ஒரு காத்தி ஏறக்குறைய 605 கிராம். 1981ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி வாணிபத்தில் பயன்படும் தராசும், பெட்ரோல் பம்பும் ஆண்டுதோறும் சோதிக்கப்பட வேண்டும். கட்டணம் கருவியின் வகையையும் கொள்ளளவையும் பொறுத்தது. பெரிய தராசுக்கு அதிகம்.

இந்தக் கட்டணத்தைக் கடைக்காரர் நம் தலையில்தானே கட்டுவார் என்று சிலர் கேட்பதுண்டு. கட்டலாம். ஆனால் நாளைக்கு 100 முறை நிறுக்கும் கடையில் 300 நாளில் 30,000 நிறுவை ஆகிறது. ஒரு கட்டணத்தை அத்தனை நிறுவையிலும் பங்கிட்டால், காத்திக்கு ஒரு தாஹில் இழந்த காலத்தோடு ஒப்பிடவே முடியாது.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது அந்தச் சீட்டில் எந்த ஆண்டு என்று பாருங்கள். ஆண்டு பழையதாகவோ, சீட்டே இல்லாமலோ இருந்தால் கடைக்காரரிடம் கேட்கலாம். உள்நாட்டு வாணிப அமைச்சின் அலுவலகத்திலும் முறையிடலாம்.