ஓர் ஏக்கர் நீங்கலாக

ஒக்லஹோமாவின் மஸ்கோகி நகரைத் தாண்டினால் மேய்ச்சல் நிலங்கள். அவற்றில் ஒன்றின் மூலையில், செடார் மரங்களுக்கு அடியில், பெயர்ப்பலகை இல்லாத ஓர் இடுகாடு. கிழக்கு மேற்காக அமுங்கிக் கிடக்கும் மண்தான் குழிகளைக் காட்டிக்கொடுக்கிறது. எழுத்தோடு நிற்பது ஒன்றே ஒன்று. அதுவும் கல் அல்ல, வீட்டில் வார்த்த சிமெண்ட். ஈரம் காயுமுன் ஆணியால் கீறியிருக்கிறார்கள்: ஒரு பெண்ணின் பெயர், 1911. அதில் ஓரெழுத்து இடவலம் மாறி விழுந்திருக்கிறது.

ஒக்லஹோமா மாநிலமானதே 1907-ல். அந்தக் காலத்து இறப்புப் பதிவுகளை நம்பி இறங்க முடியாது. அதனால் ஆளை விட்டுவிட்டு நிலத்தைப் பிடித்தேன்.

மாவட்டப் பதிவகத்தில் மூலப் பத்திரத்தை நோக்கிப் பின்னாலேயே போனேன். விற்றவர், வாங்கியவர், அடமானம், மறுபடி விற்றவர். பழைய பத்திரங்களில் ‘இடுகாடாக உள்ள ஓர் ஏக்கர் நீங்கலாக’ என்றொரு வரி வருகிறது. பிந்தைய அடமானம் ஒன்றில் அதைக் காணோம். அதற்குப் பின் எதிலும் இல்லை. எழுத்தர் சோம்பலா, வாங்கியவர் சாமர்த்தியமா? எனக்குச் சந்தேகம் இரண்டாவது மேல்தான். 1904-லும் 1908-லும் வந்த சட்டங்கள் ஃப்ரீட்மென் எனப்பட்ட விடுதலையான கறுப்பர்களின் நிலத்தின் மீதிருந்த விற்பனைத் தடையைத் தளர்த்தின. அதன்பின் அந்த வட்டாரத்தில் நிலம் கைமாறிய வேகத்தைப் பார்த்தவர்கள் எழுத்தரைக் குறை சொல்லமாட்டார்கள்.

சங்கிலியின் கடைசிக் கண்ணி, க்ரீக் நாட்டுத் தலைவர் ப்ளெசன்ட் போர்ட்டர் பெயரில் வழங்கிய ஒதுக்கீட்டுப் பத்திரம். ஆளுக்கு 160 ஏக்கர். பெற்றவர் ஒரு க்ரீக் ஃப்ரீட்மேன்; க்ரீக் பழங்குடியினரிடம் அடிமைகளாக இருந்து விடுதலையான கறுப்பர்களையும் அவர்கள் வாரிசுகளையும் அப்படித்தான் பதிவேடு குறித்தது. 1866 உடன்படிக்கை அவர்களுக்குக் க்ரீக் குடியுரிமை தந்திருந்தது. நிலத்தைப் பங்கிட வந்த டாஸ் ஆணையம் ஏறத்தாழ 6,800 பேரைத் தனிப் பட்டியலில் சேர்த்தது.

பட்டியல் எண்ணை வைத்து அவருடைய குடும்ப அட்டையை நுண்படச் சுருளில் எடுத்தேன். இரண்டாம் வரியில், மனைவியாக, சிமெண்டில் இருந்த அதே பெயர். பக்கத்தில் ‘யாருடைய அடிமை’ என்றொரு கட்டம். அதில் ஒரு க்ரீக் முதலாளியின் பெயர். தந்தை பெயருக்கு எதிரேயும் அதே கேள்விக்கு ஒரு கட்டம். அங்கே எழுதியிருந்தது: க்ரீக் இந்தியர்.

இங்கேதான் கொஞ்சம் நின்றேன். க்ரீக் வம்சத்தவருக்கான ரத்தவழிப் பட்டியலின் அட்டைகளில் ரத்த விகிதத்துக்குக் கட்டம் உண்டு. ஃப்ரீட்மென் அட்டையில் அது கிடையாது. தந்தை க்ரீக்காகவே இருந்தாலும் தாய் கறுப்பர் என்றால் பெரும்பாலும் ஃப்ரீட்மென் பக்கம்தான் தள்ளினார்கள். அதே தந்தையின் இன்னொரு மகனை ரத்தவழிப் பட்டியலில் பிறகு கண்டுபிடித்தேன். ஒரே அப்பன் பிள்ளைகள், இரண்டு பட்டியல்கள்.

அந்தப் பிரிவினை காகிதத்தோடு போகவில்லை. மஸ்கோகி நாடு என்று இன்று அழைக்கப்படும் க்ரீக் நாட்டின் 1979 அரசியல் சட்டம் ரத்தவழியினரை மட்டும் குடிகளாக வைத்துக்கொண்டு ஃப்ரீட்மென் வாரிசுகளை வெளியே நிறுத்தியது. 1866 உடன்படிக்கைப்படி அவர்களுக்கும் உரிமை உண்டென்று மஸ்கோகி நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2025 ஜூலையில்தான்.

அட்டை அந்தப் பெண்ணின் தாயின் பெயரையும் தந்தது. 1867-ல் அமெரிக்க அரசின் முகவர் டன் எடுத்த ஃப்ரீட்மென் பட்டியலில், கனடியன் கலர்ட் என்ற ஊரின் கீழ் அவரைப் பிடித்தேன். அதற்கும் முன்னால் போக 1832 கணக்கெடுப்பைப் பார்த்தேன். க்ரீக்குகளை அலபாமாவிலிருந்து விரட்டுவதற்குச் சற்று முன் எடுத்தது. முதலாளி குடும்பத்தின் பெயர் அதிலும் இருக்கிறது: குடும்பத் தலைவர் பெயர், ஆண்கள் இத்தனை, பெண்கள் இத்தனை, அடிமைகள் இத்தனை. அடிமைகளுக்குப் பெயர் எழுதவில்லை. அந்த எண்ணிக்கைக்குள் இந்தப் பெண்ணின் பாட்டி இருந்தாரா என்று சொல்ல அந்தத் தாளில் வேறெதுவும் இல்லை.